உச்சிக்குச் சென்ற கண்ணாடி

"கல்யாணக் கண்ணாடியை எடுத்துக்கிட்டியா?" என்று ஜோர்டானின் தென் எல்லையிலுள்ள உம் அத்தாமி மலையின் பாதி வழியில் ஹம்தா தன் புது மருமகளிடம் மறுபடியும் கேட்டாள்.

"எடுத்துட்டேன் அத்தே. உச்சியில உங்களைப் பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்றாள் வத்ஹா.

"வாயாலேயே மலை ஏறிடுவே நீ. வெயில் சாயறதுக்குள்ள போகணும், நட."

உச்சியை அடைந்ததும் ஹம்தா தன் கண்ணாடியை எடுத்தாள். ஆனால் முகம் பார்க்கவில்லை. அதை வெயிலில் சாய்த்துத் தெற்கே காட்டினாள். எல்லைக்கு அப்பால், சவூதி மலையொன்றில் பதிலுக்கு ஓர் ஒளி மின்னியது.

"உன் நாத்தனார்தான். எல்லையை மூடினதிலேருந்து பெருநாளுக்குப் பெருநாள் இப்படித்தான் பார்த்துக்கிறோம். வீட்டுக்குப் புது ஆள் வந்தா ரெண்டு கண்ணாடி. உன்னோடதையும் காட்டு, நீ வந்திருக்கிறது அவளுக்குத் தெரியட்டும்."

வத்ஹா தன் கண்ணாடியை உயர்த்தினாள்.

எதிர்மலையில் ஒளி சற்று நேரம் அணைந்திருந்தது. பிறகு அது மீண்டும் மின்னியபோது, அதன் அருகே இன்னோர் ஒளியும் நடுங்கி நடுங்கித் தெரிந்தது.

ஹம்தா வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள்.

"பேரனா பேத்தியான்னு கேக்கறதுக்குக் கண்ணாடி பத்தாதேடி," என்றாள்.