இடது காலுக்கு ஒரு வேண்டுதல்

மாவுக்கட்டை வெட்டிக்கொண்டு வந்த கத்தரி கணுக்காலில் நிற்கிறது. துறைமுகத்தில் இரும்புப் பாளம் விழுந்து நொறுங்கிய இன்னாசியின் வலது கால், ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம், வெளுத்துச் சூம்பி, வேறு யாருடைய காலோ போல வெயிலில் கிடக்கிறது. ஜன்னலில் நுழையும் கடல்காற்று மாவுத்தூளைக் கட்டிலெங்கும் இறைக்கிறது. கம்பவுண்டர் கக்கத்துக் கட்டைகளை எடுத்துவரப் போனதும், பக்கத்தில் நிற்கும் இன்னாசியின் மனைவி பிலோமி முந்தானையைத் திருகுகிறாள். “ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? ஆபரேசனுக்கு முன்னால மாதா கோயில்ல வெள்ளிக் காலு வச்சேன்ல, அவசரத்துல எடது கால வாங்கி வச்சிட்டேன். மறுநா போய்ப் பாத்தா கட்டவெரலு தப்பான பக்கம் கீது. அன்னிலேர்ந்து ஒரே பேஜாரு.” இன்னாசி சிரிக்கவில்லை. போர்வையை விலக்கி இடது காலைக் காட்டுகிறான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பூரான் மாதிரி தையல் தழும்பு. “நொறுங்குன கால ஒட்டவைக்க டாக்டரு இதுலேர்ந்துதான எலும்பு வெட்டி எடுத்தாரு? இதுக்குன்னு வேண்டிக்க யாரு இருந்தா, பிலோமி?” அவள் குனிந்து அந்தத் தழும்பின்மேல் கட்டைவிரலால் சிலுவை போடுகிறாள். வராந்தாவில் கட்டைகள் டக் டக்கென்று நெருங்குகின்றன. அவன் இடது காலைத்தான் முதலில் தரையில் இறக்குகிறான்.