திக்கின பட்டன்

கம்ப்யூட்டர் திரையில ஒரு பட்டன் இருந்துச்சு. வெறும் படம்தான். டோக்கன் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுற ஜெசிந்தா, நிஜ மெஷின் வர்ற வரைக்கும் அதை அமுக்கித்தான் சோதிச்சுப் பார்த்தா. ஒரு அமுக்குக்கு ஒரு டோக்கன், பிசகவே இல்ல.

அப்புறம் மேசைக்கு நிஜ பட்டன் வந்துச்சு. ஒரே ஒரு தடவைதான் அமுக்கினா. திரையில மூணு டோக்கன் விழுந்துச்சு!

"என்னண்ணே, ட-ட-டக்குங்கிறீங்க? என்னைப் பாருங்க, டக்!"னு படம் நக்கலடிச்சுச்சு.

"எனக்குள்ள தகடு இருக்கு தம்பி, ஒரு தட்டு தட்டினா ரெண்டு மூணு தடவை துள்ளும். உனக்கு ஏது தகடு?"ன்னுச்சு நிஜ பட்டன்.

"ச-ச-சரிண்ணே! குப்பை டப்பாவுல போய்த் துள்ளுங்க!"

ஜெசிந்தா நிஜ பட்டனைக் கழட்டப் போனா. கை பாதியில நின்னுச்சு.

"கடையில வாங்குற பட்டன் எல்லாமே துள்ளுமே! இந்தப் படத்தை நம்பினேன் பாரு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. படத்துக்கும் அதே துள்ளலை எழுதி வச்சா. துள்ளல் அடங்கின பிறகு எண்ணுற மாதிரி புரோகிராமையும் மாத்தினா. இப்ப நிஜ பட்டனுக்கும் ஒரே டோக்கன்தான்.

"எப்படி இருக்க தம்பி?"ன்னுச்சு நிஜ பட்டன்.

"ந-ந-நல்லா இருக்கேண்ணே!"

"மெதுவாவே சொல்லு. இப்பதான் புரோகிராமுக்குப் பொறுமை வந்துருச்சே."