தொலைநோக்கியின் மூடி

புங்குடுதீவு வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் தொலைநோக்கியைப் பிரதாபன் ரொறன்ரோவில் இருந்தே இயக்குவான். கைக்கடக்கமான மலிவுக் கணினி ஒன்று அதைத் திருப்பிப் படம் எடுக்கும். மூடியைக் கழற்ற மட்டும் ஆள் வேண்டும். கழற்றாவிட்டால் படம் வெறும் கறுப்பு. விடிய அக்கா அதை மூடிவிடுவாள்; பொழுதுபட ஏறிக் கழற்றிவிட்டு, "கழட்டியாச்சு. சாப்பிட்டனியோ?" என்று செய்தி அனுப்புவாள். அவன் ஒருநாளும் பதில் போட்டதில்லை.

அக்காவின் செத்தவீட்டையும் கைபேசியில்தான் பார்த்தான். அதன் பிறகும் படங்கள் தெளிவாகவே வந்தன. நன்றி சொல்லப் பக்கத்து வீட்டு நிருஜாவை அழைத்தான்.

"நானோ? அண்ணை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோட வீட்டைப் பூட்டினது. திறப்பு என்னட்டத்தான் கிடக்கு. ஒருதரும் போகேல்லை."

திரையில் நட்சத்திரங்கள் வந்துகொண்டிருந்தன. வெட்கத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. அக்காவின் இலக்கத்துக்கு, "சாப்பிட்டனான் அக்கா" என்று எழுதி அனுப்பினான்.

அடுத்த படம் முழுக் கறுப்பாக வந்தது.