உள்ளே யாரு?

"நேத்து யாரைப் பிடிச்சீங்க?"

ஷெரீஃப் ஆபீஸின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டாள் ஆர்டிஸ். எழுபதைத் தாண்டியவள். தலையில் கம்பளிக் குல்லா, பூட்ஸ் முழுக்கப் பனி.

"வந்தாச்சு!" என்று உள்ளே முணுமுணுத்தாள் குமாஸ்தா மார்லிஸ். "சூரியன் வருதோ இல்லியோ, இவங்க ஆஜர்."

பக்கத்து மேஜையில் டிராவிஸ் சிரித்தான். கவுண்டி என்று சொல்லும் இந்த அமெரிக்க மாவட்டத்துக்கு டெபுடி போலீஸாக வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இவங்களுக்கு ஏன் சொல்லணும்?"

"சொல்லித்தான் ஆகணும் தம்பி. கைதானவங்க பேரை யார் வந்து கேட்டாலும் சொல்லணும்னு சட்டம். பெரிய கவுண்டியில கம்ப்யூட்டர்ல போட்டுடுவாங்க. இங்க நான்தான் கம்ப்யூட்டர்."

மார்லிஸ் தாளை எடுத்துப் படித்தாள். "லைல் போமன். குடிச்சுட்டு அடிதடி. போதுமா?"

"எப்ப விடுவீங்க?"

"ஜட்ஜ் வியாழக்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் உள்ளேதான்."

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? தாள்ல இல்லை."

"அட்ரஸ் இருக்குமில்ல?"

எரிச்சலோடு படித்தாள் மார்லிஸ். ஆர்டிஸ் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"புருஷன் போனதிலேர்ந்து இதான் பொழப்பு" என்றாள் மார்லிஸ். "எவன் மானம் கப்பலேறிச்சுன்னு தெரிஞ்சாத்தான் இவங்களுக்குச் சாப்பாடு இறங்கும்."

லைலைப் பிடித்து வந்தவன் டிராவிஸ்தான். யாரிடமாவது பேசிக்கொள் என்று போனைக் கொடுத்தபோது, லைல் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"யாருமில்லை சார்."

அப்படிப்பட்டவன் வீட்டில் ஆள் உண்டா என்று இந்தக் கிழவி எதற்குக் கேட்கிறாள்?

மதியம் போன் வந்தது. லைல் வீட்டுக்கு அடுத்த பண்ணைக்காரர்.

"லைலோட இடத்துல ஒரு பிக்கப் நிக்குது. ஆர்டிஸ் வண்டி மாதிரி இருக்கு. அவன் உங்க ஜெயில்லதானே இருக்கான்? ஒரு சேதியாச் சொன்னேன்."

மார்லிஸ் கண்ணை அகல விரித்தாள். "அடிப்பாவி! ஆள் இல்லாத வீடாப் பார்த்து... போ தம்பி, கையும் களவுமாப் பிடி!"

டிராவிஸ் வண்டியை விரட்டினான். கண்ணுக்கெட்டின வரை பனி. கோதுமைக் காடும் ரோடும் ஒன்றாகிக் கிடந்தன. லைலின் டிரெய்லர் வீடு தன்னந்தனியாக நின்றது. கதவு பூட்டியிருந்தது. பின்பக்கக் கொட்டகை மட்டும் திறந்திருந்தது. உள்ளே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள் ஆர்டிஸ்.

"அப்படியே நில்லுங்க! கையில என்ன?"

"கத்தாதீங்க தம்பி. இப்பத்தான் பயம் தெளிஞ்சு குடிக்குது."

அவள் கையில் வெதுவெதுப்பான தண்ணீர்க் கெட்டில். காலடியில் தகர வாளி, ஆவி பறந்தது. அதற்குள் முகத்தை விட்டு நக்கிக்கொண்டிருந்தது, குளிரில் ஒடுங்கிப்போன ஒரு கறுப்பு நாய். பக்கத்தில் பனிக்கட்டியாய் உறைந்துபோன பழைய தண்ணீர்க் கிண்ணம்.

டிராவிஸ் குனிந்து அந்தக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இதுக்கா... தினமும் வந்து பேர் கேட்கறீங்க?"

"நீங்க பிடிச்சுட்டுப் போறது ஆளைத்தானே? ஆடு, மாடு, நாயெல்லாம் அப்படியே நிக்குதே. போன வருஷம் ஒரு வீட்ல கோழிங்க. இன்னொரு வீட்ல ஒரு கிளி. அது பேசின பேச்சை சர்ச் பாதிரியார் கேட்டா மயங்கி விழுந்திருப்பார்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"மார்லிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா. ஊரே உங்களைப் பத்தி என்னென்னவோ பேசுது."

"பேசிட்டுப் போகட்டும். அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஜெயில்லேர்ந்து வர்றவன் ஏற்கனவே தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வருவான். எனக்கு வேற கும்பிடு போட்டு நிக்கணுமா?"

நாயின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு உதவி. என் பேச்சை எடுக்காம, இதோட பேரு என்னன்னு லைல்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. தெரியாம 'ராஜா, ராஜா'ன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். பொட்டை நாய்."

டிராவிஸ் தொப்பியைக் கழற்றினான். "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா இது தோணிச்சு?"

ஆர்டிஸ் மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றினாள்.

"என் புருஷனைப் புதைச்ச வாரம். குடிச்சுட்டு வண்டியை எடுத்துக்கிட்டு எங்கேயோ போனேன். பக்கத்துக் கவுண்டியில பிடிச்சு உள்ளே போட்டாங்க. நான் எங்கே போனேன்னு இங்க யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து பார்க்கறேன், எங்க நாய் சங்கிலி எட்டின மட்டும் இழுத்துக்கிட்டு வந்து, ரோட்டைப் பார்த்தபடி விறைச்சுக் கிடக்கு."

"யார்கிட்டயாவது சொல்லியிருந்தா..."

"என் பேரும் அந்த ஊர் ஜெயில் தாள்ல இருந்துச்சு தம்பி. உள்ளே யாருன்னு வந்து கேட்கத்தான் ஒரு ஆள் இல்லை."