திறக்காத போத்தல்கள்

கராஜில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த ஆறு வைன் போத்தல்களையும் மனைவி நாகேஸ்வரி மேசையில் வரிசையாக வைத்தபோது, கோயில் நிர்வாகசபைத் தலைவர் தேவராஜா பதறி எழுந்தார்.

“எத்தனை வருஷமா இந்த ஒளிப்பு?”

“ஐயோ, நான் குடிக்கிறேல்லையப்பா. பாரும், ஒண்டும் திறக்கேல்லை.”

“அப்ப ஏன் வாங்கினனீங்கள்?”

அவர் ஒரு போத்தலைத் திருப்பிக் காட்டினார். ‘யாரா பள்ளத்தாக்கு ஷார்டனே’ என்ற வெள்ளை வைன் லேபிளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: ‘தயாரிப்பு: நிதுஷன் தேவராஜா’.

மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு வைன் செய்யப் போன மகனை, இனி இந்தப் படி மிதிக்காதே என்று துரத்தியவர் அவர்தான். வீட்டில் அவன் பேச்சையே எடுக்கக்கூடாது என்றவரும் அவர்தான்.

“வருஷத்துக்கு ஒண்டு வாங்கி இந்தப் பேரைப் பார்த்தா, பெடியன் சுகமா இருக்கிறான் எண்டு ஒரு நிம்மதி. இந்த வருஷப் போத்தல் மட்டும் இன்னும் கடைக்கு வரேல்லை. அந்தப் பள்ளத்தாக்குக் குளிருக்கு வெள்ளைத் திராட்சை ஆறுதலாத்தான் பழுக்குமாம்... அவனுக்கு ஒண்டுமில்லைத்தானே?”

நாகேஸ்வரி அறைக்குள் போய், தன் சூட்கேஸை இழுத்து வந்து திறந்தாள். கூறைச் சேலைக்கு அடியில் அதே போத்தல்கள் ஏழு இருந்தன.

“இஞ்சாருங்கோ, இந்த வருஷத்ததும் எனக்கு வந்திட்டுது” என்றாள்.