போறேன்

"சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஆப்பிள் பையோடு அறைக்குள் நுழைந்த ஜவுளிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கட்டிலில் கிடப்பது அவருடைய ஒரே தம்பி. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத ஒண்டிக்கட்டை. வயிற்றில் கட்டி, நாளைக் காலை ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சீசன் நேரம், கடையை விட்டு நகர முடியாத மனிதர் இதைக் கேட்டதும் ஓடி வந்திருக்கிறார். வந்ததும் காதில் விழுகிற வார்த்தையா இது?

வார்த்தை விஷயத்தில் அவர் படு கறார். கேட்ட துணி கடையில் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது, 'இனிமேதான் வரணும்' என்று சொல்ல வேண்டும். கடையை மூடக் கூடாது, கட்ட வேண்டும். மறந்துபோய் 'மூடு' என்று சொன்ன பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்.

தம்பியோ சிரித்துக்கொண்டே, "போங்க, போங்க" என்று அவளுக்குக் கையசைத்தான்.

விசாரித்ததில், பெரிய வியாதிக்காரர்கள் மனசு விட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் அவள் வேலை என்று தெரிந்தது. வார்டில் அவளுக்குப் பெயரே பேச்சு டாக்டர். அழகாகத்தான் பேசுகிறாள் என்று பொருமியபடி வராந்தாவில் அவளை மடக்கினார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? உயிருக்குப் போராடுறவன் முன்னாடி 'போறேன்'னு சொல்லலாமா? 'போயிட்டு வரேன்'னு சொன்னா வாய் வலிக்குமா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"அதை அவர்தான் உங்களுக்குச் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போய்க் கத்தித் தீர்த்துவிட்டார். அந்தப் பெண் வந்த பிறகுதான் உங்கள் தம்பி ஒழுங்காகச் சாப்பிடவே ஆரம்பித்தார் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கள் வீட்டில் நான்தான் பெரியவன், அவள் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் டாக்டர் தலையாட்டினார்.

ஜெயித்த கையோடு தம்பியிடம் வந்தார். இனி அந்தப் பெண் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாள் என்று சொல்லி, அவன் தலையைத் தடவினார். "தைரியமா இரு. காலையில வரேன்டா."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் அவர் வந்தபோது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் பெரிய டாக்டர் முகம் கடுத்தது.

"பேச்சு டாக்டர் வந்தாத்தான் உள்ளே போவேன்னு சொல்றார். இல்லாட்டி ஆபரேஷனே வேண்டாமாம். நீங்க போட்ட தடை, நீங்களே போய்க் கூப்பிடுங்க."

இனியும் தன் ரோஷத்தைப் பார்த்தால் தம்பி மிஞ்ச மாட்டான். கீழ்த்தளத்துக்கு ஓடி, நேற்று கத்திய அதே வாயால் அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார். அவள் உடனே கிளம்பி வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு சீரானது.

"உள்ளே போங்க" என்றாள். "நான் போறேன்."

தம்பி சிரித்தான். அவள் படியிறங்கிப் போனாள்.

பெரியவருக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "டேய், இப்பவுமா?"

"அவங்களும் முதல்ல 'வரேன்'னுதான் சொன்னாங்க. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்னு நான்தான் கெஞ்சினேன். அதை நம்பி வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்து அலுத்துப்போச்சு. இவங்க 'போறேன்'னு சொல்லிட்டுப் போவாங்க, மறுநாள் வந்து நிப்பாங்க."

பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. "உன்னை அப்படிக் காக்க வெச்சவன் எவன்டா? ஆபரேஷன் முடியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்."

ஸ்ட்ரெச்சர் நகர ஆரம்பித்தது. தம்பி அவர் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"கட்டின்னு தெரிஞ்ச அன்னிக்கு, 'கடையைக் கட்டிட்டு சாயங்காலம் வரேன்டா'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. நேத்துதான் வந்தீங்க அண்ணா."