இருபத்தேழாம் நம்பர் வாசல்

“மறுபடியும் வந்துட்டான்!”

காவலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இருபத்தேழாம் நம்பர் வாசலை எவனோ காலையிலிருந்து விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறான்.

காவலர் என்றதும் லத்தியைத் தேட வேண்டாம். அடுத்தவர்களின் இணையதளங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாதுகாக்கிற ஆபீஸ் அது. காவலர் என்பது நம்மவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டம். எந்தத் தளம் யாருடையது என்பது பரம ரகசியம், ஊழியர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர் மட்டும்தான். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நம்மவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்பது வேறு விஷயம்.

“மூச்சு விடாமத் தட்டுறான் சார். மனுஷன் இல்ல, மெஷினை விட்டுத் தட்டுறான். மத்தவங்க யாரும் உள்ளே போக முடியாம தளமே திணறுது.”

மேனேஜருக்கு ஏசியிலும் வியர்த்தது. “அந்தக் கிளையன்ட் ஏற்கெனவே என் உயிரை வாங்குறான்யா. இன்னிக்கு இது அடங்கலைன்னா உன் பதவி உயர்வும் போச்சு, என் மானமும் போச்சு.”

“விடுங்க சார்.” காவலர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். “ஒரு ஷெல் ஃபங்ஷன் எழுதினா முடிஞ்சுது. கம்ப்யூட்டருக்கு நாலே வரிக் கட்டளை. அளவுக்கு மீறித் தட்டுறது யாருன்னு பாக்குற கமாண்டை அது திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டே இருக்கும். மாட்டினவனோட கம்ப்யூட்டர் விலாசத்தை ஒரு மாசத்துக்கு இழுத்துப் பூட்டிடும்.”

பக்கத்து மேஜை அம்மாள் எட்டிப் பார்த்தார். “பாவம், யாருக்கு என்ன அவசரமோ. இருபத்தேழு எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூட்டலாமே?”

“செருப்புக்கடையா இருந்தா நமக்கென்ன, சிமென்ட் ஆலையா இருந்தா நமக்கென்ன மேடம்? தட்டுறவன் எவன்னும் எனக்குத் தேவையில்லை. ஆனா ஒண்ணு, சரியான அரைவேக்காடு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விடணும்கிற அறிவுகூட இல்ல பாருங்க!”

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, பாப்பா காது வலி தாங்காமத் துடிக்கிறா. சீழ் வேற வருது. இன்னிக்கு எப்படியாவது காட்டியாகணும். காது டாக்டர்னு ஊர்ல இருக்கிறதே அவர் ஒருத்தர்தான், நேர்ல போனா ஆன்லைன்ல பதிஞ்சாத்தான் பாப்போம்னு விரட்டுறாங்க.”

“அதுக்குத்தான் அந்தத் தளத்தையே பாத்துக்கிட்டிருக்கும்படி காலையிலேயே வீட்டுக் கம்ப்யூட்டர்ல வழி பண்ணி வச்சுட்டு வந்திருக்கேனே? எவனாவது வரலைன்னு இடம் காலியானா, அதுவே பிடிச்சுட்டு மணி அடிக்கும். நீ அதுல கையை வைக்காம இருந்தாப் போதும்.”

“அது என்னமோ சும்மாவே இருக்குங்க. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போனா என்ன?”

“அடிக்கும்னா அடிக்கும்! இங்க இத்தனை பேர் என்னை நம்பி உக்காந்திருக்காங்க, நீ முதல்ல போனை வை.”

அவளுக்கு முன்னால் அவரே வைத்துவிட்டார். பிறகு நாலு வரியை நிமிஷத்தில் அடித்து முடித்தார். ஆனால் வெறுமனே பூட்டினால் மனசு ஆறுமா? மாட்டுகிறவன் திரையில் நறுக்கென்று ஏதாவது தெரிய வேண்டாமா? யோசித்து ஒரு வரி சேர்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“வேற வேலை இல்லையா? போய்ப் பிள்ளைகுட்டியைக் கவனி!”

ஆபீஸே சிரித்தது. மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேஜை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை உணர்வு மட்டு என்பது காவலரின் நெடுநாளைய அபிப்பிராயம்.

ஃபங்ஷனை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் எதிரியின் விலாசம் சிக்கியது. வெறும் எண்களும் புள்ளிகளும். பூட்டு விழுந்தது, தட்டல் கப்சிப்.

“சபாஷ்யா! கிளையன்ட்டுக்கு இப்பவே சொல்லிடுறேன்,” என்றார் மேனேஜர். “இந்தப் பூட்டை யாரும் தொடக்கூடாது. திறக்கணும்னா யாரு, எதுக்குன்னு எழுதி என்கிட்டக் கையெழுத்து வாங்கணும். நீயே கேட்டாலும் அப்படித்தான்.”

சாயங்காலம் கேக் வெட்டினார்கள். பதவி உயர்வும் பாதி உறுதியாகிவிட்டது. மிச்சக் கேக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, காவலர் படிகளில் சீட்டியடித்தபடி ஏறி வீட்டுக்கு வந்தார்.

“பாப்பா எங்கே? அப்பா இன்னிக்கு ஒரு போக்கிரியைப் பிடிச்சுப் பூட்டிட்டாருன்னு சொல்லு!”

பாப்பா அழுது ஓய்ந்து அம்மா மடியில் கிடந்தாள். காதில் பஞ்சு, கன்னமெல்லாம் காய்ந்த கண்ணீர். மனைவி கேக் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மூணு மணிக்கு ஒரு இடம் காலியாச்சாம். கீழ்வீட்டுக்காரங்க அவங்க பையனைக் காட்டிட்டே வந்துட்டாங்க.”

“என்னது? நமக்கு மணி அடிக்கலையா? அது எப்படி அடிக்காமப் போகும்?”

“மணி எங்க அடிச்சுது? மத்தியானத்துலேர்ந்து உங்க கம்ப்யூட்டர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கிட்டிருக்கு.”

“என்ன வரி?”

மனைவி மேஜைப் பக்கம் திரும்பி, திரையில் இருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

“வேற வேலை இல்லையா? போய்ப் பிள்ளைகுட்டியைக் கவனி!”